லூத்தர் வாத்தியாரும் பச்சை உப்பும்

கல்லூரியின் வேதியியல் ஸ்டோர் ரூமில் கேமரா மாட்டிவிட்டார்களாம். அமிலங்கள் இருக்கிற அலமாரிக்கு நேர் மேலே. எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்திருக்கும் இருவரும் வீடு தேடி வந்து குறைப்பட்டார்கள்.

"அண்ணே, சிவனேன்னு பாட்டில எடுத்தாக்கூட திருடப் போற மாதிரியே இருக்குண்ணே. கையி தன்னால நடுங்குது" என்றான் ஒருவன்.

"நடுங்காத. பாட்டில போட்ருவ" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு மற்றவன் மெல்லக் கேட்டான்: "ஒங்க காலத்துல செர்மங்கார வாத்தியார் மேல போலீசு சந்தேகப்பட்டுச்சாமே, நெசமாண்ணே? துறை மலருக்கு அத எழுதிக் குடுங்களேன்."

போலீஸ் மட்டுமா சந்தேகப்பட்டது! கடற்கரையே சந்தேகப்பட்டது. ஒரு சாயங்காலம் நானும் பட்டேன். கேமரா எந்தக் கை எடுத்தது என்று காட்டும். அந்தக் கை எடுத்த வெள்ளைப் பொடி எது என்று காட்டாது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததோ அதுதான்.

நான் ராமநாதபுரம் பக்கம் சிக்கல் ஊர்க்காரன். பெயர் பூமிநாதன். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் காலை வாரிவிட்டது. அய்யாவோடு மிளகாய்க் காட்டில் கிடந்தவனை ஒரு சொந்தக்காரர் கல்லூரிக்கு இழுத்து வந்து லேப் அட்டெண்டர் ஆக்கினார். சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே மாணவர்கள் உருப்போடுவதைக் கேட்டுக் கேட்டு உப்புப் பகுப்பாய்வு எனக்கும் பாடமாகிவிட்டது. இங்கிலீஷும் அப்படித்தான், பாட்டில் லேபிள்களில் படித்த இங்கிலீஷ். நிறம், எடை, நாற்றம், அபாயம், இதற்கெல்லாம் என்னிடம் சொல் உண்டு. அடுப்படிக்கும் சண்டைக்கும் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

அந்த லேபிள் இங்கிலீஷை நம்பித்தான் லோத்தர் அய்யா வந்தபோது என்னை அவரோடு கோத்துவிட்டார்கள். ஜெர்மனியில் கனிம வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஆராய எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தார். திருப்புல்லாணிக்குத் தெற்கே கடலோரத்தில், யாரும் பார்க்காமல் விட்ட உப்பளம் ஒன்றில் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். பாதி நாள் அங்கே, பாதி நாள் கல்லூரி ஆய்வகத்தில்.

அவர் பிறந்ததே உப்புச் சுரங்கம் இருந்த ஊர், ஜெர்மனியின் கிழக்குப் பக்கம். தகப்பனார் பூமிக்கு அடியில் உப்பு வெட்டியவர். "அப்பா சட்டையைத் துவைத்த தண்ணீரைக் காய்ச்சினால் ஒரு வேளைக் கஞ்சிக்கு உப்புத் தேறும்" என்று ஒருமுறை சொன்னார். கடல் தண்ணீர் வற்ற வற்ற எந்த உப்பு முதலில் இறங்கும், எது கடைசிவரை அடம்பிடிக்கும் என்பதையே ஆயுசுக்கும் பார்த்தவர். ஆனால் அவர் நாட்டில் அப்போது ஒருவர் பேசியதை இன்னொருவர் மேலிடத்தில் போய்ச் சொல்கிற காலம். பக்கத்து வீட்டையும் நம்ப முடியாது. பிறகு நாடு ஒன்றானதும் விசாரணை வைத்து, நீயும் சொல்லிக் கொடுத்தவனா என்று இவரையே கேட்டார்களாம். இல்லை என்று நிரூபணமாக வெகுகாலம் பிடித்திருக்கிறது. அதுவரை வகுப்பு எடுக்க விடவில்லை.

"அப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"டெஸ்ட் டியூப் கழுவினேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கழுவி வைத்த குழாயை நான் மறுபடி கழுவியதில்லை.

ஆளைச் சட்டென்று நம்பிவிடுவார், பொருளை நம்பமாட்டார். பாட்டிலைத் திறந்தால் மூக்கை அருகே கொண்டுபோகாமல் கையால் விசிறி முகர்வார். மூடும் முன் வாயைத் துடைப்பார். எந்தச் சோதனை செய்தாலும் முதல் குழாயில் சரக்கே போடக்கூடாது. காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர்தான். அதற்கு பிளாங்க் என்று பெயர். "குற்றவாளி தண்ணீராகவும் இருக்கலாம், பூமி. முதலில் நம் வீட்டை விசாரி" என்பார். நான் அவசரத்தில் பிளாங்க் போடாமல் விட்டால் திட்டமாட்டார். என் சோதனையை அப்படியே தொட்டியில் கொட்டிவிட்டு, புதுக் குழாயை நீட்டுவார்.

தமிழில் அவர் முதலில் கற்ற சொல் 'உப்பு'. வேதியியல்காரருக்கு எல்லாமே உப்புதானே! மயில்துத்தத்தைக் காட்டி உப்பு என்பார். பேரியம் குளோரைடு பாட்டிலைக் காட்டி உப்பு என்பார். கொட்டகையில் சமைத்த சேசம்மாளுக்கு அது ஓயாத வேடிக்கை.

"வாத்தியாரய்யா, இது நீலமால்ல இருக்கு?"

"உப்பு."

"இது?"

"உப்பு."

"பூமியண்ணே, இவர கட்டிக்கிட்ட மகராசி கொழம்புக்கு எதப் போட்டாளோ!"

சேசம்மாள் பக்கத்து மீனவ ஊர்க்காரி. கட்டியவன் இல்லை. கடலுக்குப் போகும் தம்பி அந்தோணியோடு இருந்தாள். எங்கள் பாத்தியில் பூத்த சுத்தமான கடல் உப்பை வாத்தியார் அவளுக்கு அள்ளிக் கொடுப்பார். முந்தியில் முடிந்துகொண்டு போவாள். ஊர் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது.

அந்த ஊருக்கு வாத்தியார் மேல் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். காரணம் அவர் பெயர். லோத்தர் என்று நான் சொல்ல, அவர்கள் காதில் லூத்தர் என்று விழுந்தது. தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க ஊர். புராட்டஸ்டண்ட் லூத்தர் சபையிலிருந்து ஆள் பிடிக்க வந்திருக்கிறான் என்று பேச்சு. நான் பெயரை விளக்கிச் சொன்னபோது வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஏலே, ஆள் பிடிக்க வாரவன் வேற பேரச் சொல்லிட்டு வருவான். இவன் லூத்தருன்னே வந்திருக்கான். தைரியத்தப் பாரு!"

உள்நாட்டு ஊர்களில் வேறு சந்தேகம்: கொட்டகைக்கு அடியில் புதையல். போலீசுக்கு இன்னொன்று: கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. நான் டீ குடிக்கும் கடையில் மஃப்டியில் ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்.

"என்ன பூமி, ஒங்க வெள்ளக்காரரு கடலப் பார்த்து டார்ச் அடிக்கிறாராமே?"

"நண்டு பாக்குறாரு சார்."

"நண்டு என்ன சொல்லுச்சு?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் வந்தது. மத்தியானம் ஊருக்கே சாப்பாடு. சமையலில் சேசம்மாளும் ஒருத்தி. ஊர்ப் பந்திகள் நல்லபடியாக முடிந்தன. சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் உட்கார்ந்த கடைசிப் பந்திக்கென்று இறக்கிய சின்னச் சட்டிக் குழம்பில்தான் வினை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நிறையச் சாப்பிட்டவன் அந்தோணி. அவனுக்குக் கைகால் துவண்டு, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஊர் உடனே கணக்குப் போட்டுவிட்டது. சட்டியில் உப்புப் போட்டது சேசம்மாள். அவளோ அந்தப் பந்திக்கும் பரிமாறிக்கொண்டிருந்ததால் சாப்பிடவில்லை. உப்பு எங்கிருந்து வந்தது? லூத்தர் கொட்டகையிலிருந்து. ஒரு கூட்டம் போய், கடல் தண்ணீர் வற்ற நாங்கள் வைத்திருந்த தட்டுகளை எல்லாம் மிதித்துப் போட்டது. நல்லவேளை, வாத்தியாரும் நானும் அன்று கல்லூரி ஆய்வகத்தில் இருந்தோம்.

அங்கேதான் ஆஸ்பத்திரி டாக்டரம்மா போன் செய்தார். வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் முடிவு வருவதற்குள் அந்தோணி தாங்கமாட்டான், என்ன விஷம் என்று உங்களால் சொல்ல முடியுமா என்று கேட்டார். பின்னாலேயே இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில், சமைத்த இடத்தில் எடுத்த உப்புக் கிண்ணம். ஜீப்பில் பெண் போலீசுக்கு நடுவே சேசம்மாள்.

"சந்தேகத்துல இருக்குற ஆளே சோதிக்கிறதாவது! ஆனா வேற ஆளு இல்லங்குறாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நான் பக்கத்துலயே நிப்பேன்."

நான் மொழிபெயர்த்தேன். வாத்தியார் அவருக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "ரொம்ப பக்கத்தில் வேண்டாம், அமிலம்" என்று மட்டும் சொன்னார்.

முதல் குழாயில் வழக்கம்போல் வெறும் தண்ணீர். இரண்டாவதில் எங்கள் பாத்தி உப்பைக் கரைத்தார். தெளிவாக நின்றது. அடுத்த குழாயில் கிண்ணத்து உப்பு. கலக்கியதும் பால் மாதிரி வெளுத்துக் கலங்கியது. அமிலம் விட்டார். தெளியவில்லை. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கடல் உப்பில் எப்போதும் கொஞ்சம் சல்பேட் உண்டு. அதைப் பிடித்து இப்படிப் பாலாக்க ஒரே ஒரு ஆள்தான் சட்டென்று நினைவுக்கு வரும். வடிகட்டிய தெளிவில் கார்பனேட் ஊற்றி, இறங்கிய வெள்ளைப் படிவைக் கழுவி, அமிலத்தில் நனைத்த பிளாட்டினக் கம்பியால் தொட்டு பர்னர் சுடரில் காட்டினார். முதலில் சோடியத்தின் மஞ்சள் துள்ளியது. பொறுத்திருந்தார். பிறகு சுடரின் ஓரத்தில் இளம் வாழைக்குருத்துப் போல ஒரு பச்சை.

பேரியம்.

கரைகிற பேரியம் உப்பு கொடிய விஷம். எங்கள் அலமாரியில், கொட்டகைக்கும் அடிக்கடி எடுத்துப்போகிற பேரியம் குளோரைடு பாட்டில் இருந்தது. அது இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது எங்களிடம் இருப்பது தெரிந்தவர்கள் வாத்தியாரும் நானும்தான். என் கண் தன்னால் அலமாரிக்குப் போனது. பாட்டிலில் மட்டம் இறங்கியிருக்கிறதா? போன வாரம் இருந்த அளவுதானா? இந்த மனுஷன் சேசம்மாளிடம் தப்பான பாட்டிலைக் காட்டி உப்பு என்றிருப்பாரோ?

வாத்தியார் போனை எடுத்து டாக்டரம்மாவிடம் "பேரியம்" என்றார். எழுத்து எழுத்தாகவும் சொன்னார். வைத்துவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, சாவியை நீட்டினார்.

"மூன்றாவது தட்டு. என்னிடமும் பேரியம் இருக்கிறது."

இதை அப்படியே தமிழில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சாவியை வாங்கிக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரா வந்து மாட்டிக்கிறாரா, இல்ல என்னைய ஏமாத்துறாரா?"

"மறச்சிருந்தா டாக்டரம்மாவுக்குப் பேரச் சொல்லியிருக்க முடியாதுல்ல சார்" என்றேன். ஆனால் எனக்கே என் குரல் நம்பும்படியாக இல்லை.

ஆஸ்பத்திரியில் பேரியம் என்று தெரிந்ததும் அதற்கான வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிப்போயிருந்ததாம், அதை ஏற்றினார்கள். இங்கே சேசம்மாளை உள்ளே கூட்டி வந்து அலமாரியைக் காட்டினார்கள்.

"இதுல எந்த பாட்டில்லம்மா எடுத்த?"

"மாதா சத்தியமா இங்கன எதையும் தொடல சார். உப்புத் தீந்துபோச்சு. தம்பி வேற, உப்பு பத்தலக்கா, உப்பு பத்தலக்கான்னு கத்துனான். கோயில் பின்னால கொட்டகையில ஒரு மூட்ட இருந்துச்சு. அங்கனருந்து அள்ளி, கிண்ணத்து அடியில ஒட்டியிருந்த உப்போட கொட்டிக்கிட்டேன். போடப் போட ஏறல, அதான் ரெண்டு கை கூடப் போட்டேன்."

"மூட்டையே அங்கன இல்லையே."

"இருந்துச்சு சார். வாணக்காரரு வேலையா இருந்தாரு. இதுல என்னண்ணேன்னு கேட்டேன். திரும்பிப் பாக்காமலே, பச்ச உப்புத்தான்னாரு."

"வாண வெடி கட்டுறவனுக்கு உப்பு எதுக்கும்மா? சட்டி வச்சு ஊறுகாயா போடுறான்?"

பெண் போலீஸ்கூடச் சிரித்துவிட்டாள். சேசம்மாள் அழ ஆரம்பித்தாள். வாத்தியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்டார்.

பச்சை உப்பு என்றால் நமக்குத் தெரியும். பச்சரிசி, பச்சைத் தண்ணீர் மாதிரி, வறுக்காத உப்பு, பக்குவம் பண்ணாத உப்பு. அதற்கு என் லேபிள் இங்கிலீஷில் சொல் இல்லை. என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன்.

"கிரீன் சால்ட், சார்."

"கிரீன்?" என்றார். கிண்ணத்தைப் பார்த்தார். "வெள்ளையாக இருக்கிறதே."

"ஆமா சார். ஆனா அந்த ஆளு கிரீன் சால்ட்டுன்னு சொன்னானாம்."

 அவர் அணைக்காமல் விட்டிருந்த பர்னரைப் பார்த்தார். கம்பியை எடுத்து மறுபடி படிவைத் தொட்டுச் சுடரில் காட்டினார். பச்சை.

"பூமி, அந்த ஆளுக்கு என்ன தொழில்?"

"திருவிழாவுக்கு வாணம் விடுறவன் சார்."

"பச்சை நெருப்பு விடுவானா?"

 பச்சை மத்தாப்பு! வாணத்தில் பச்சை நிறம் வர பேரியம் நைட்ரேட் போடுவார்கள் என்று வாத்தியார் சொன்னார். வாணக்காரர்களின் பேச்சில் அதற்குப் பச்சை உப்பு என்று பெயர் இருந்திருக்கிறது. நானும் கேட்டதில்லை, இன்ஸ்பெக்டரும் கேட்டதில்லை.

"கதை நல்லாருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "அதுவும் பேரியம், இவர் பாட்டிலும் பேரியம். எது சட்டியில விழுந்துச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?"

சரியான கேள்வி. வாத்தியாருக்கே அந்தக் கேள்வி பிடித்திருந்தது; தலையை ஆட்டினார். அவருடையது குளோரைடு. வாணக்காரனுடையது நைட்ரேட். சமையல் உப்பே குளோரைடு என்பதால் குளோரைடைத் தேடிப் பயனில்லை. நைட்ரேட்டைத்தான் தேட வேண்டும். அதற்குப் பழுப்பு வளையச் சோதனை.

மூன்று குழாய் எடுக்கச் சொன்னார். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் அவருடைய பாட்டில், ஒன்றில் கிண்ணத்து உப்பு.

"தண்ணியப் போயி எதுக்குய்யா விசாரிக்கிறாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காலையில நான் குழாயெல்லாம் நைட்ரிக் அமிலத்துல கழுவினேன் சார். சரியா அலசாம விட்டிருந்தா குழாயே பொய் சொல்லும்."

மூன்றிலும் சோடியம் கார்பனேட் சேர்த்துக் கொதிக்க வைத்து வடிகட்டினோம். பேரியம் தாளிலேயே தங்கிவிடும். நைட்ரேட் இருந்தால் தெளிவோடு கீழே இறங்கும். அதில் நீர்த்த கந்தக அமிலம் விட்டு நுரை அடங்கும்வரை பொறுத்தோம். அப்போதே கரைத்த இரும்பு சல்பேட்டைச் சேர்த்தோம். பிறகுதான் கை நடுங்கக்கூடாத வேலை. குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோடு ஒட்டி ஒழுக விடவேண்டும். அது கனமானது, அடியில் போய்ப் படுத்துவிடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் விழுந்தால் நைட்ரேட். ஆட்டினால் போச்சு.

தண்ணீர்க் குழாய்: வளையம் இல்லை. அவர் பாட்டில்: இல்லை. இன்ஸ்பெக்டர் முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். மூன்றாவது குழாயில் அமிலம் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் காணோம். சேசம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் குழாயையே பார்த்தாள். எதைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பார்த்தாள். மெல்ல மெல்ல, காப்பித் தம்ளரில் படிகிற கறை மாதிரி, ஒரு பழுப்பு வளையம் நடுவே கட்டி நின்றது.

இன்ஸ்பெக்டர் வாணக்காரனின் போன் எண்ணைத் தேடி வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார். திருவிழா நின்றுபோனதால் மூட்டை முடிச்சோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தான்.

"ஒன் மூட்டையில பச்ச உப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். அந்த அக்காகூட என்னதுன்னு கேட்டுச்சு, சொன்னேன்."

"என்ன நெறம்?"

"வெள்ளைதான் சார். எரிஞ்சாத்தான பச்ச."

"அதுல அவங்க குழம்புக்கு அள்ளிட்டாங்கய்யா!"

 "அய்யோ, எங்கம்மா... நான் பேரத்தான சார் சொன்னேன்" என்று ஓலமிட்டான். பொய்க்கு அப்படி ஒரு குரல் வராது. அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அவளும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேர் வாயிலும் ஒரே சொல்.

அந்தோணி பிழைத்துக்கொண்டான். மற்றவர்களும் வீடு திரும்பினார்கள். வழக்கு விசாரணையோடு நின்றது. ஆனால் காரணம் தெரிந்த பிறகும் சந்தேகம் போகுமா? கடையில் சேசம்மாள் உப்பு வாங்கினால், "எந்தக் கலரு வேணும்?" என்று கேட்பார்களாம். அவள் சமைத்ததை யாரும் தொடவில்லை. லூத்தர்தான் போலீசுக்கு ஏதோ காட்டி மயக்கிவிட்டான் என்றும் ஒரு பேச்சு. மஃப்டிக்காரர் டீக்கடையில் என்னிடம், "அந்த வளையம் நெசமாவே தானா விழுந்துச்சா பூமி?" என்றார்.

அந்தோணி நடமாடத் தொடங்கியதும் நேர்ச்சைச் சாப்பாடு போடுவதாக அக்காளும் தம்பியும் மாதாவுக்கு வேண்டியிருந்தார்கள். நானே சமைப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஊர் வந்தது. பந்தல் நிறைய வந்தது. இலை போட்டாயிற்று, சோறும் இறங்கியாயிற்று. யாரும் உட்காரவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் உட்காரட்டும் என்று நின்றார்கள். வலை பின்னுகிற பெரியவர் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் செருப்பைக் கழற்றினார். சம்மணம் வராது அவருக்கு; ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, முதல் இலையில் உட்கார்ந்தார். நான் பக்கத்து இலை. சேசம்மாள் குழம்பு ஊற்றினாள். கரண்டி இலையில் தட்டியது. வாத்தியார் பிசைந்து ஒரு வாய் வைத்தார். ஊரே அவர் தொண்டையைப் பார்த்தது. மென்று விழுங்கிவிட்டு, நிமிர்ந்து, சத்தமாகத் தமிழில் சொன்னார்:

"உப்பு பத்தல."

 அன்றைக்கு அந்தோணி கத்திய அதே சொல். அதை நான்தான் அவருக்கு மொழிபெயர்த்திருந்தேன். தெரிந்து சொன்னாரா, நாக்குக்குப் பட்டதைச் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

 சேசம்மாள் உள்ளே போனாள். வெறுங்கையில் உப்பை அள்ளிக்கொண்டு வந்து அவர் இலை ஓரத்தில் வைத்தாள். காய்ச்சி வடித்த தண்ணீரையே விசாரித்த மனுஷன், அதை முகரவில்லை, விரலால் தேய்த்துப் பார்க்கவில்லை, இலைப் பக்கம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே எடுத்துக் குழம்போடு பிசைந்து சாப்பிட்டார்.

அந்தோணி வந்து எதிர் இலையில் உட்கார்ந்தான். கை இன்னும் முழுசாக வசப்படவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

"எனக்கும் போடுக்கா" என்றான்.

பெரியவர் பந்தல்காலை விட்டுவிட்டு, "தள்ளி உக்காருலே" என்று அவன் பக்கத்தில் இடம் பிடித்தார்.